பதிவும் பெயர்வும்: பிலிப்பைன் தாதியரின் அமெரிக்கப் பயணம் பற்றிய ஒரு சமூகவியல் நோக்கு

1. பிரச்சினை

தாதி ஒருத்தி தன் தாயகத்தை விட்டு வேறொரு நாட்டின் வைத்தியசாலையிற் பணியாற்றச் செல்வது உலகெங்கும் சாதாரண நிகழ்ச்சியாகிவிட்டது. உலக சுகாதார நிறுவனம் 2025 இல் வெளியிட்ட உலகத் தாதியர் நிலை பற்றிய அறிக்கையின்படி, உலகிலுள்ள ஏறத்தாழ 2 கோடி 98 இலட்சம் தாதியருள் எழுவருக்கு ஒருவர் தாம் பிறந்த நாட்டிலன்றிப் பிறிதொரு நாட்டிலேயே பணிபுரிகின்றார். உயர்வருமான நாடுகளின் தாதியருள் நூற்றுக்கு 23 பேர் பிறநாட்டிற் பிறந்தோராவர்.

இப்பெயர்வு பற்றி நம்மிடையே வழங்கும் கருத்துக்கள் பெரும்பாலும் இரண்டேயாம். திறமையுள்ளவர் பரீட்சையிற் சித்தியெய்தி நல்வாழ்வு தேடிச் செல்கின்றார் என்பது ஒன்று. நாட்டின் செலவிற் கற்றவர் நன்றி மறந்து செல்கின்றார் என்பது மற்றையது. இவை ஒன்றுக்கொன்று முரண்பட்டன போலத் தோன்றினும் இவற்றின் அடிப்படை ஒன்றே. பெயர்வு என்னும் சமூக நிகழ்வை இரண்டும் தனிமனிதரின் குணப்பண்பாகவே காண்கின்றன. ஒன்று அதனைத் திறமை என்கின்றது; மற்றையது அதனைத் துரோகம் என்கின்றது.

பெயர்ந்து செல்லும் தாதி எந்நாட்டிலும் முதலிற் சந்திப்பது பதிவு அல்லது உரிமம் என்னும் வாயிலையே. அவ்வாயில் எவ்வாறு அமைந்தது, அதனைத் திறப்பவர் யார், அதனைக் கடப்பதற்கான செலவு யார் தலையில் விழுகின்றது என்பனவற்றை நோக்கினால், தனிமனிதக் குணமாகத் தோன்றுவது உண்மையில் நாடுகளுக்கிடையிலான ஓர் உறவு என்பது புலப்படும். இக்கட்டுரையில் நாம் பிலிப்பைனிலிருந்து ஐக்கிய அமெரிக்காவுக்குச் சென்ற தாதியரை எடுத்துக்காட்டாகக் கொள்கின்றோம். நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு இப்பெயர்வுக்கு உண்டு. அதனால் இதன் இயக்கம் பிறவற்றினும் தெளிவாகக் காணக்கிடக்கின்றது.

2. பதிவு என்பதன் பொருள்

ஒரு தொழிலைச் செய்வதற்குத் தகுதியுடையோரின் பெயரைச் சட்டப்படி ஓர் ஏட்டிற் பதிந்து, அவ்வேட்டில் இல்லாதோர் அப்பெயரால் தொழில் புரிவதைத் தடுப்பதே பதிவு எனப்படும். தாதியர்க்கென இத்தகைய தனிச்சட்டத்தை முதலில் இயற்றிய நாடு நியூசிலாந்து ஆகும், ஆண்டு 1901. ஐக்கிய அமெரிக்காவில் வட கரோலினா மாநிலம் 1903 இல் இவ்வகைச் சட்டத்தை முதலில் இயற்றியது. பிரித்தானியாவில் நீண்ட போராட்டத்தின் பின்னர் 1919 இலேயே சட்டம் நிறைவேறியது. நவீன தாதித் தொழிலின் தாயெனப் போற்றப்படும் புளோரன்ஸ் நைற்றிங்கேலே பதிவு முறையை எதிர்த்தவர் என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. தாதியின் ஒழுக்கத்தையும் அக்கறையையும் பரீட்சையால் அளக்கவியலாது என்பது அவர் தரப்பு வாதமாகும். பதிவை வேண்டி நின்றோரோ, பயிற்சியற்றோரின் கையில் நோயாளி படும் தீங்கையும், பயிற்சி பெற்ற பெண்ணின் உழைப்புக்கு உரிய மதிப்பின்மையையும் சுட்டிக்காட்டினர்.

ஆகவே தொடக்கத்திலிருந்தே பதிவுக்கு இரு முகங்கள் இருந்தன. ஒரு முகம் நோயாளியைக் காப்பது. மறுமுகம் தொழிலினுள் நுழைவோரின் தொகையையும் தரத்தையும் ஒழுங்குபடுத்தி உழைப்புச் சந்தையை ஆள்வது. ஒரு நாட்டினுள் இவ்விரு முகங்களும் ஓரளவு இசைந்தே செல்லும். தாதி எல்லை கடக்கும்போதுதான் இரண்டாவது முகம் மேலோங்குகின்றது. ஏனெனில் ஒரு நாட்டின் ஏட்டில் உள்ள பெயருக்கு மற்றொரு நாட்டின் ஏட்டில் இடமில்லை. தாயகத்திற் பல்லாண்டு நோயாளரைப் பராமரித்தவரும் எல்லையைக் கடந்த கணத்தில் தாதியல்லாதவராகின்றார். அவர் மீளத் தாதியாவது எப்போது, எவ்வாறு என்பதை வரவேற்கும் நாடே தீர்மானிக்கின்றது.

3. குடியேற்றவாதம் இட்ட அடித்தளம்

பிலிப்பைன் தாதியர் அமெரிக்கா செல்வதற்கு உயர்ந்த சம்பளமே காரணம் எனக் கூறுவது எளிது. ஆயின் சம்பள வேறுபாடு உலகின் பல நாடுகளுக்கிடையே உண்டு. அவ்வேறுபாடு எங்கும் இத்தகைய பெயர்வைத் தோற்றுவிக்கவில்லை. அதற்கு வேறொரு முன்னிபந்தனை வேண்டும்: ஒரு நாட்டிற் கற்பிக்கப்படுவது மற்றொரு நாட்டின் வைத்தியசாலைக்குப் பொருந்துவதாக இருத்தல் வேண்டும்.

இந்நிபந்தனை குடியேற்றவாத ஆட்சியின் விளைவாகும். 1898 இல் ஸ்பெயினிடமிருந்து பிலிப்பைனைப் பெற்ற ஐக்கிய அமெரிக்கா, ஆங்கிலத்தைக் கல்வி மொழியாக்கியது. 1906 இல் இலோயிலோ நகரின் மிசன் வைத்தியசாலையில் அந்நாட்டின் முதலாவது தாதியர் பாடசாலை தொடங்கியது. பாடத்திட்டம், பாடநூல், சீருடை யாவும் அமெரிக்க முறையைத் தழுவியனவாயிருந்தன. 1919 இல் தாதித் தொழிலை ஒழுங்குபடுத்தும் சட்டம் இயற்றப்பட்டு, 1920 இல் முதலாவது பதிவுப் பரீட்சை நடைபெற்றது. அமெரிக்கா செல்லும் எண்ணம் எத்தாதிக்கும் தோன்றுமுன்னரே அமெரிக்க வைத்தியசாலைக்குரிய தாதி அங்கு உருவாக்கப்பட்டுக்கொண்டிருந்தாள் எனலாம்.

இதனாற் பிலிப்பைன் பெண்கள் பெற்ற பயனை மறுப்பதற்கில்லை. கல்வியும் ஊதியமும் பொதுவாழ்வில் ஓர் இடமும் அவர்களுக்குக் கிடைத்தன. ஆயினும் நாட்டின் நோய்களுக்கும் கிராமங்களின் தேவைகளுக்கும் ஏற்ப அமையவேண்டிய கல்வியொன்று, வேறொரு நாட்டின் வைத்தியசாலையை இலட்சிய வடிவாகக் கொண்டு வளர்ந்தது என்பதும் உண்மையே.

4. மாணவியா, தொழிலாளியா?

1948 இல் ஐக்கிய அமெரிக்கா பரிமாற்ற வருகையாளர் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. பிற நாட்டினர் அமெரிக்காவிற் சில காலம் கற்றுத் தாயகம் திரும்புவதே அதன் வெளிப்படை நோக்கம். தாதியர் ஈராண்டு வரை அங்குத் தங்கலாம். கையிற் கிடைப்பது உதவிப்படி. கத்தரின் செனிசா சோய் என்னும் வரலாற்றாய்வாளர் 2003 இல் வெளியிட்ட ‘எம்பயர் ஒஃப் கேயர்’ என்னும் நூலின்படி, 1956 க்கும் 1969 க்கும் இடையில் 11,000 க்கு மேற்பட்ட பிலிப்பைன் தாதியர் இத்திட்டத்தின்கீழ்ச் சென்றனர். தாதியர் பற்றாக்குறையால் இடர்ப்பட்ட வைத்தியசாலைகள் பல இவர்களை முழுநேரத் தாதியராகவே பயன்படுத்தின. வேலை தொழிலாளியினுடையது, கொடுப்பனவு மாணவியினுடையது. பெயர் ஒன்றாகவும் பொருள் வேறாகவும் அமைந்த ஏற்பாடு இது.

1965 இன் குடிவரவுச் சட்டம் நாடுவாரியான பழைய ஒதுக்கீட்டை நீக்கி, தேவையான தொழிற்றகைமையுடையோர்க்கு முன்னுரிமை வழங்கியது. அதன்பின் தாதியர் நிலையாகக் குடியேறலாயினர். ஆயின் அமெரிக்காவில் உரிமம் வழங்கும் அதிகாரம் மத்திய அரசினிடம் இல்லை, அது மாநிலங்களுக்குரியது. இதனால் விசா பெற்று வந்தவர் மாநிலப் பரீட்சையிற் சித்தியெய்தவேண்டிய நிலை ஏற்பட்டது. 1970 களிற் பிறநாட்டுத் தாதியருட் பெரும்பான்மையோர் முதன்முறை அப்பரீட்சையிற் தவறினர். தவறியோர் பலர் தாதி உதவியாளராகக் குறைந்த ஊதியத்திற்கு வேலை செய்தனர். அவர்களின் அறிவு வைத்தியசாலைக்குப் பயன்பட்டது. அவ்வறிவுக்குரிய ஊதியம் மட்டும் வழங்கப்படவில்லை.

இந்நிலைக்குப் பரிகாரமாக 1977 இல் வெளிநாட்டுத் தாதிப் பாடசாலைப் பட்டதாரிகள் ஆணையம் நிறுவப்பட்டது. புறப்படுமுன்னர்த் தாயகத்திலேயே தாதியைச் சோதித்து, அமெரிக்கப் பரீட்சையிற் தேறக்கூடியவரா என முன்கூட்டியே அறிவது இதன் பணி. வந்து தவறித் தாழ்நிலை வேலையில் அகப்படும் கொடுமையை இது குறைத்தது. அதேவேளை, வாயில் அமெரிக்க மண்ணிலிருந்து மணிலாவுக்கு நகர்ந்தது. தோல்வியின் செலவும் அதனுடன் சேர்ந்து பிலிப்பைன் குடும்பத்தின்மேல் நகர்ந்தது.

5. இன்றைய வாயில்கள்

இன்று பிலிப்பைனிலிருந்து அமெரிக்கா செல்ல விழையும் தாதி கடக்கவேண்டிய படிகளை நிரற்படுத்தி நோக்குதல் பயனுடையது.

முதலாவது, நான்காண்டுத் தாதிப் பட்டப்படிப்பு. பெரும்பாலும் தனியார் கல்லூரிகளிலேயே இது நடைபெறுகின்றது, செலவு குடும்பத்தினுடையது. இரண்டாவது, தாயகத்தின் பதிவுப் பரீட்சை. ஐந்து தாள்களிலும் சராசரியாக நூற்றுக்கு 75 புள்ளி பெறவேண்டும். எத்தாளிலும் 60 இற் குறைதலாகாது. மூன்றாவது, அமெரிக்க மாநிலம் ஒன்றின் தாதியர் சபைக்கு விண்ணப்பித்துக் கல்விச் சான்றுகளை மதிப்பீடு செய்வித்தல். நான்காவது, என்கிளெக்ஸ் எனச் சுருக்கப்பெயரால் வழங்கும் தேசிய உரிமப் பரீட்சை.

இப்பரீட்சையின் இயல்பு சிறிது விளக்கத்தை வேண்டிநிற்கின்றது. 1994 முதல் இது கணினி மூலம் நடத்தப்படுகின்றது. எல்லாப் பரீட்சார்த்திகளுக்கும் ஒரே வினாத்தாள் இல்லை. ஒரு வினாவுக்குச் சரியாக விடையளித்தால் அடுத்த வினா கடினமாகின்றது, தவறினால் எளிதாகின்றது. ஒவ்வொரு விடையின் பின்னரும் பரீட்சார்த்தியின் ஆற்றல் மதிப்பிடப்படுகின்றது. அவர் தேர்ச்சி மட்டத்துக்கு மேலுள்ளாரா, கீழுள்ளாரா என்பது நூற்றுக்கு 95 உறுதியுடன் தெரிந்ததும் பரீட்சை நின்றுவிடுகின்றது. 2023 ஏப்பிரலில் அறிமுகமான வடிவத்தில் வினாக்கள் 85 இற் குறையா, 150 ஐ விஞ்சா. நேரம் ஐந்து மணி. மனனம் செய்த தகவலைவிட, ஒரே வேளையில் நால்வர் துன்புறும்போது யாரை முதலிற் கவனிப்பது என்பது போன்ற தீர்மானங்களையே இது சோதிக்க முனைகின்றது. நோயாளியின் பாதுகாப்பை நோக்கும்போது இம்முறை நியாயமானது என்பதே எமது கருத்து. 2005 முதல் அமெரிக்காவுக்கு வெளியிலும், 2007 முதல் மணிலாவிலும் இதனை எழுத வாய்ப்புண்டு. பரீட்சைக் கட்டணமாக 200 டொலரும், வெளிநாட்டில் எழுதுவதற்கு மேலதிகமாக 150 டொலரும் அறவிடப்பட்டு வந்துள்ளன. மணிலாவில் எழுதும் நடுத்தரக் குடும்பத்துப் பெண்ணுக்கு இவை சிறு தொகைகள் அல்ல.

ஐந்தாவது, கல்வி, உரிமம், ஆங்கிலப் புலமை ஆகிய மூன்றையும் உறுதிப்படுத்தும் விசாத் தகுதிச் சான்றிதழ். 1996 இன் சட்டமொன்று இதனைக் கட்டாயமாக்கியது. ஆறாவது, வேலைகொள்வோரின் மனுவும் விசாவுக்கான முறையும். இங்குத்தான் காத்திருப்பு நேர்கின்றது. ஆண்டுதோறும் வழங்கப்படும் விசாக்களுக்கு எல்லையுண்டு. ஆதலால் யாவற்றிலும் தேறியவரும் தம் முறை வரும்வரை பல்லாண்டு காத்திருக்க நேரலாம்.

முதல் ஐந்து படிகளும் தாதியின் தகுதியைப் பற்றியன. ஆறாவது படி அவருடைய தகுதியைப் பற்றியதன்று. அமெரிக்காவின் தேவையைப் பற்றியது. இவ்வேறுபாடே எமது விளக்கத்தின் மையமாகும்.

6. மதகு

வயலுக்கு நீர் வேண்டியபோது திறந்து, வேண்டாதபோது அடைப்பது மதகு. வாய்க்காலில் உள்ள நீரின் நிலையை மதகு பொருட்படுத்துவதில்லை.

2000 ஆம் ஆண்டை அடுத்த காலத்தில் அமெரிக்கத் தேவை பெருகியபோது, பிலிப்பைனிற் தாதிக் கல்லூரிகள் நானூறுக்கு மேலாகப் பெருகின. மருத்துவர்கள் சிலர் தாமே தாதிப் படிப்பை மீளக் கற்றுத் தாதியராகப் புறப்பட்டனர். 2005 இல் அமெரிக்கா தாதியர் உள்ளிட்ட தொழிலினர்க்கென மேலதிகமாக 50,000 விசாக்களை ஒதுக்கியது. அவை தீர்ந்ததும் மதகு இறங்கியது. ஆயின் கல்லூரிகளில் ஏற்கெனவே சேர்ந்திருந்த மாணவியர் தொடர்ந்து வெளியேறிக்கொண்டேயிருந்தனர். பதிவு பெற்ற தாதியர் பலர் வேலையின்றி இருந்தனர். வெளிநாடு கேட்கும் அனுபவத்தைப் பெறுவதற்காகத் தன்னார்வத் தாதியர் என்ற பெயரில் ஊதியமின்றி வேலை செய்தோரும், அவ்வாறு வேலை செய்வதற்கு வைத்தியசாலைக்குத் தாமே பணம் செலுத்தியோரும் இருந்தனர். தாதியர் மலிந்த நாட்டிலேயே கிராமங்களுக்குத் தாதியர் இல்லை என்னும் முரண்பாடு இவ்வாறு தோன்றியது.

வாயிலின் திறவுகோல் எங்குள்ளது என்பதை மற்றுமொரு நிகழ்ச்சி காட்டும். 2006 யூனில் நடைபெற்ற பிலிப்பைன் பதிவுப் பரீட்சையில் இரு தாள்களின் வினாக்கள் முன்கூட்டியே கசிந்தன. குற்றமற்ற ஆயிரக்கணக்கானோரும் அதனாற் கறைபட்டனர். மீளப் பரீட்சை வேண்டுமா என்று அரசாங்கமும் நீதிமன்றமும் பெற்றோரும் விவாதித்துக்கொண்டிருக்கையில், 2007 இல் அமெரிக்க ஆணையம் அவ்வாண்டுச் சித்தியாளர்க்கு விசாத் தகுதிச் சான்றிதழ் வழங்கப்படமாட்டாது என அறிவித்தது. அவ்விரு தாள்களையும் மீள எழுதியோர்க்கே வழி திறந்தது. ஒரு நாட்டின் பரீட்சை பற்றிய இறுதித் தீர்ப்பு மற்றொரு நாட்டில் எழுதப்பட்டது.

தாயக அரசாங்கத்தின் பொறுப்பை ஈண்டு மறைத்தலாகாது. மார்க்கோஸ் ஆட்சியில் 1974 இல் இயற்றப்பட்ட தொழிற் சட்டக்கோவை, உழைப்பை வெளிநாட்டுக்கு அனுப்புவதை அரச கொள்கையாக்கியது. 2002 இன் தாதியர் சட்டம் அரச தாதியின் தொடக்கச் சம்பளம் பதினைந்தாம் தரத்தினதாக இருத்தல் வேண்டும் என விதித்தது. ஆயின் அது வழங்கப்படவில்லை. 2019 இல் அவ்விதி செல்லுபடியாகும் என உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்த பின்னர், 2020 இலேயே நடைமுறைக்கு வந்தது. பதினெட்டு ஆண்டுகள் ஏட்டிற் கிடந்த சம்பளம் அது. தாதியர் ஏன் போனார்கள் என வினவுவோர் இப்பதினெட்டு ஆண்டுகளையும் கணக்கிற் சேர்த்தல் வேண்டும்.

7. கடனும் உயிரும்

வாயிலைக் கடந்தபின்னரும் தாதி சுதந்திரமாக உழைப்பவராக ஆகிவிடுவதில்லை. பயணச் செலவையும் கட்டணங்களையும் தரகர் அல்லது வேலைகொள்வோர் முற்செலுத்தி, குறித்த காலம் வேலை செய்யாவிடிற் பெருந்தொகை அறவிடும் ஒப்பந்தங்கள் வழக்கிலுள்ளன. 2006 இல் நியூயோர்க் மாநிலத்தின் பராமரிப்பு இல்லம் ஒன்றிலிருந்து பிலிப்பைன் தாதியர் பதின்மர், ஒப்பந்தம் மீறப்பட்டதெனக் கூறி ஒரே வேளையில் வேலை துறந்தனர். நோயாளரை ஆபத்திற்குள்ளாக்கினர் என அவர்கள்மீதும் அவர்தம் சட்டத்தரணிமீதும் குற்றவழக்குத் தொடரப்பட்டது. 2009 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அவ்வழக்கைத் தடைசெய்தது. வேலையை விட்டு விலகியதற்காக ஒருவரைத் தண்டிப்பது, அடிமைமுறையை ஒழித்த அமெரிக்க அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தத்துக்கு முரணானது என அது கூறியது. அதே மாநிலத்தில் 2019 இல், 25,000 டொலர் வரை அபராதம் விதித்த இத்தகைய ஒப்பந்த விதியொன்று ஆட்கடத்தலைத் தடுக்கும் சட்டத்தை மீறுவதாகச் சமட்டி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உயர்கல்வியும் உரிமமும் பெற்ற தொழிலினர், தம் உரிமையை நிலைநாட்ட அடிமை ஒழிப்புத் திருத்தத்தைத் துணைக்கொள்ள வேண்டியிருந்தது என்பது சிந்திக்கற்பாலது.

கொவிட் பெருந்தொற்றுக் காலம் இவ்வுறவின் பிறிதொரு பக்கத்தைக் காட்டியது. அமெரிக்கத் தாதியர் தொழிற்சங்கம் ஒன்று 2020 செப்ரெம்பரில் வெளியிட்ட அறிக்கையின்படி, பதிவுபெற்ற தாதியருள் நூற்றுக்கு நால்வராயிருந்த பிலிப்பைன் வழியினர், அந்நோயால் இறந்த தாதியருள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினராக இருந்தனர். தீவிர சிகிச்சை, முதியோர் பராமரிப்பு முதலிய இடர்மிகுந்த பிரிவுகளில் அவர்கள் செறிந்திருந்தமை இதற்கான காரணங்களுள் ஒன்றாகும்.

அதே காலத்திற் பிலிப்பைன் அரசாங்கம் ஆண்டுக்கு 5,000 சுகாதார ஊழியரே புதிதாக வெளியேறலாம் என எல்லை வகுத்தது. 2021 பெப்ரவரியில், தடுப்பூசி வழங்கினாற் பிரித்தானியாவுக்கும் ஜேர்மனிக்கும் அவ்வெல்லையைத் தளர்த்தலாம் என அந்நாட்டுத் தொழில் அமைச்சின் அதிகாரி ஒருவர் தெரிவித்தார். பிரித்தானியா அதனை ஏற்கவில்லை. மனிதரைப் பண்டமாக்கிய பேச்சு எனப் பலர் அதனைக் கண்டித்தனர், கண்டனம் நியாயமானதே. ஆயினும் அப்பேச்சு புதிதாக எதனையும் உருவாக்கவில்லை. பல தசாப்தங்களாக மறைவாக நடைபெற்ற பரிமாற்றத்தை அது வெளிப்படையாக விலை பேசியது, அவ்வளவே.

8. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றாற் பெறப்படுவது யாது? உரிமப் பரீட்சை வேண்டாம் என்பது எமது வாதமன்று. எந்நாட்டு நோயாளியும் தகுதியுள்ள தாதியைப் பெறும் உரிமையுடையவர். தாதி நாட்டைவிட்டு வெளியேறலாகாது என்பதும் எமது வாதமன்று. ஊதியத்தை உயர்த்தாது வாயிலைப் பூட்டும் அரசாங்கம், தன் தவறுக்குரிய தண்டனையைத் தாதிக்கு வழங்குகின்றது. அத்தாதியருட் பெரும்பாலோர் பெண்கள்; அவர்கள் அனுப்பும் பணத்தில் ஒரு தலைமுறை கல்வி பெறுகின்றது என்பதையும் மறத்தலாகாது.

எமது வாதம் யாதெனில், தகுதியைச் சோதிக்கும் உரிமையை வரவேற்கும் நாடு தன்னிடம் வைத்திருக்கின்றது; அத்தகுதியை உருவாக்கும் கடமையையோ பிற நாட்டின் குடும்பங்களிடமும் மக்களிடமும் விட்டுவிடுகின்றது. உரிமையும் கடமையும் பிரிந்து கிடக்கும் இந்நிலையே திருத்தப்பட வேண்டியது. 2010 மேயில் உலக சுகாதார சபை ஏற்றுக்கொண்ட, சுகாதார ஊழியரைப் பன்னாட்டளவிற் சேர்த்தல் பற்றிய நடத்தைக் கோவை இதனை ஓரளவு உணர்ந்தது. ஊழியர் பற்றாக்குறை மிக்க நாடுகளிலிருந்து முனைந்து ஆட்சேர்த்தலைத் தவிர்க்குமாறு அது வேண்டுகின்றது. 2023 இல் வெளியிடப்பட்ட காப்புப் பட்டியலில் 55 நாடுகள் இடம்பெற்றன. ஆயின் அக்கோவை சட்டத்தாற் கட்டுப்படுத்துவதன்று, விரும்பினோர் பின்பற்றலாம். ஆட்சேர்க்கும் நாடு பயிற்சிச் செலவிற் பங்கேற்றல், ஆட்சேர்ப்புச் செலவைத் தாதியின்மேற் சுமத்தாமை, வேலை துறப்போரிடம் அபராதம் அறவிடும் விதிகளை ஒழித்தல், திரும்பி வரும் தாதியின் அனுபவத்தைத் தாயகம் பதவியுயர்விற் கணக்கிடல் ஆகியன விருப்பத்துக்கு விடப்படாது ஒப்பந்தமாக வேண்டும்.

இவ்வினா நம் நாட்டுக்கும் அந்நியமானதன்று. 2022 இன் பொருளாதார நெருக்கடியின்போது, அரச ஊழியர் சம்பளமற்ற விடுமுறையில் ஐந்தாண்டு வரை வெளிநாடு செல்ல இலங்கை அரசாங்கமே சுற்றறிக்கை மூலம் வழிசெய்தது. பிலிப்பைனிற் பெரும்பாலும் குடும்பமே தாதியின் கல்விக்குச் செலவிடுகின்றது. இங்கோ அரச தாதியர் பாடசாலைகளில் மக்களின் வரிப்பணம் செலவிடப்படுகின்றது. ஆதலால் இழப்பு எவருடையது என்னும் வினா இங்கு மேலும் கூர்மையடைகின்றது. அவ்வினாவை விமான நிலையத்தில் பெட்டியுடன் நிற்கும் பெண்ணிடம் கேட்பதிற் பயனில்லை. அவள் இரு நாடுகளின் பரீட்சைகளுக்கும் ஏற்கெனவே விடையெழுதிவிட்டாள். இனி விடையளிக்க வேண்டியவை அவ்விரு நாடுகளின் அரசாங்கங்களேயாகும்.